ஓரகத்தியின் சீட்டு பீரோவில் கிடக்கக் கூடாது

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளியும் ராகியும் போடுகிறோம். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஊர் நர்சம்மா சொன்னதைக் கேட்டு என் ஓரகத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்கு 44 வயது. பாசிட்டிவ் என்று எழுதி, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. சீட்டு பீரோவில் இருக்கிறது. "கெட்ட சகவாசத்தால் வருவது" என்று யாரோ சொல்லப்போய் வீட்டில் பெரிய சண்டை. தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டியதற்கு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றாராம்.

இப்போது நர்சம்மா என்னையும் கூப்பிடுகிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. போன வருடம் வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் எல்லாம் நார்மல். வெள்ளைப்படுதல் மட்டும் அவ்வப்போது உண்டு. நான் போகத்தான் வேண்டுமா? எனக்கும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அம்மாவுக்கு 61 வயது, அவருக்கும் தேவையா? ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு ஊசி போடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்களைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் உங்கள் ஓரகத்தி. ஆறு மாதமாகச் சீட்டு பீரோவில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். பரிசோதனை செய்துகொண்டது பாதி வேலை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போவது மீதிப் பாதி. இரண்டாவது பாதி நடக்காவிட்டால், முதல் பாதியால் அவருக்குக் கிடைத்தது பயம் மட்டும்தான்.

அவருக்குப் புற்றுநோய் என்று அந்தச் சீட்டு சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது வி.ஐ.ஏ. என்கிற பரிசோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஃபாஸ்ட் ஃபுட் கடையில் நூடுல்ஸுக்கு ஊற்றுகிற வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறத் தொடங்கிய இடம் பால் வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் செல்களில் புரதம் அதிகம், அமிலம் பட்டதும் அது உறைகிறது. சில இடங்களில் ஐயோடினும் தடவிப் பார்ப்பார்கள். அப்போது நல்ல இடம் அடர் பழுப்பாகும், மாறிய இடம் மஞ்சளாகவே நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் நர்ஸ் கண்ணால் பார்த்து எழுதுவதுதான் இதன் முடிவு. கிருமித் தொற்று இருந்தாலும் வெள்ளை தெரியலாம். புண் இருந்தாலும் தெரியலாம். அந்த இடத்துத் தோல் இயல்பாகவே உருமாறும் பருவத்திலும் தெரியலாம். சந்தேகம் என்றால் மேலே அனுப்பிவிடு என்பதுதான் நர்ஸுக்குக் கொடுக்கிற பயிற்சி. அதனால் பாசிட்டிவ் கொஞ்சம் தாராளமாகவே வரும், வர வேண்டும்.

எவ்வளவு தாராளமாக என்று கேட்டால், நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகளே இந்த வினிகர் பரிசோதனையைச் செய்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு பாசிட்டிவ். அதாவது 3,000-க்கும் மேல். அந்த 3,000 பேருக்கும் புற்றுநோயா என்றால் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இருந்தது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், அல்லது அதுவும் இல்லை. எனக்கு அந்த ஆய்வில் பிடித்த விஷயம் வேறு: பாசிட்டிவ் வந்த பெண்களில் கிட்டத்தட்ட எல்லோருமே அடுத்த கட்டப் பரிசோதனைக்கு உட்கார்ந்தார்கள். யாரும் சீட்டை மடித்து வைக்கவில்லை, வைக்க விடவும் இல்லை. 2007இல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. வினிகருக்கும் பஞ்சுக்கும் அவ்வளவு சக்தி கிடையாது. அடுத்த கட்டத்துக்குப் போனதுதான் காப்பாற்றியது.

சரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? மகப்பேறு, மகளிர் நோய் ஓ.பி.யில் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கால்போஸ்கோபி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. பெயர்தான் மிரட்டும். விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடி அது, உடம்புக்குள் போகாது, வெளியே நின்று பார்ப்பது. அதே வினிகரைத் திரும்பத் தடவி, பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள், பயாப்சி என்பது இதுதான். அந்த நேரத்தில் சுருக்கென்று ஒரு வலி, அப்புறம் ஓரிரு நாள் லேசான ரத்தக் கசிவு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை.

கால்போஸ்கோபியில் ஒன்றுமே இல்லை என்று வரலாம். தொற்று என்றால் மாத்திரை கொடுப்பார்கள். சதைப் பரிசோதனை முடிவில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை சி.ஐ.என். 1, 2, 3 என்று மூன்று படியாக எழுதுவார்கள். சி.ஐ.என். 1 என்று வந்தால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சி.ஐ.என். 2 அல்லது 3 என்றால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட வேண்டும். சூடான கருவியை சில விநாடிகள் வைத்துச் சுடுவது ஒரு முறை, உறைய வைப்பது இன்னொன்று, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வழித்து எடுப்பது மூன்றாவது. எதுவானாலும் நிமிடக் கணக்கில் முடியும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு சில வாரம் தண்ணீர் மாதிரி படும். ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம். அடுத்த வருடம் கட்டாயம் ஒரு தடவை திரும்பக் காட்ட வேண்டும்.

உங்கள் ஓரகத்தி ஆறு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று இன்னொரு புதுப் பயத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இந்த நோய் மெதுவாக வளர்கிறது. மாற்றங்களிலேயே கடைசிப் படியான சி.ஐ.என். 3-ஐ வைத்தியமே செய்யாமல் விட்டாலும், 30 வருடத்தில் அதில் சுமார் 30 சதவீதம்தான் புற்றுநோயாகிறது என்று நியூசிலாந்தில் பழைய நோயாளிகளின் பதிவேடுகளிலிருந்து கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். பாசிட்டிவ் வருகிறவர்களில் மிகச் சிலருக்கு ஏற்கெனவே புற்றுநோய் தொடங்கியிருக்கும். அவர் அந்தச் சிலரில் ஒருவரா இல்லையா என்பது பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தெரியாது. அப்படியே இருந்தாலும், தொடக்கத்தில் பிடித்தால் குணமாக்கக்கூடிய புற்றுநோய் இது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையிலும் இதற்கான சிகிச்சை உண்டு. எனவே இந்த வாரமே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது, அதனால் ஆண்கள் ஊருக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். காலையில் நீங்களே கூடப் போங்கள். அந்தச் சீட்டு, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, கையில் ஒரு நாப்கின். இவ்வளவு போதும்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, எழுத்தில் அடக்கிக்கொள்கிறேன். சதைப் பரிசோதனை செய்யாமல், வினிகர் பரிசோதனையில் வெள்ளை தெரிந்தது என்பதற்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வது தவறு. சும்மா இருக்கிற உறுப்பை எடுத்துவிட்டார்கள் என்ற ஒரு நஷ்டத்தோடு இது முடிவதில்லை. ஒருவேளை உள்ளே நிஜமாகவே புற்றுநோய் இருந்தால், சாதாரண கர்ப்பப்பை ஆபரேஷன் அதற்குப் போதாது. கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுவையும் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம், அல்லது ஆபரேஷனே இல்லாமல் கதிர்வீச்சு தேவைப்படலாம். எந்த நிலை என்று தெரியாமல் முதலில் அறுத்துவிட்டு, அப்புறம் லேப் முடிவில் புற்றுநோய் என்று வந்தால், அதன் பிறகு சரியான வைத்தியம் கொடுப்பது கஷ்டமாகிவிடும். யார் அந்த யோசனையைச் சொன்னாலும், "பயாப்சி ரிப்போர்ட் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். தர்க்கம் பண்ண வேண்டாம்.

அடுத்தது வீட்டுச் சண்டை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்கிற வைரஸ். இதைக் கண்டுபிடித்த ஜெர்மனிக்காரர் ஹாரல்ட் ஜூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தாம்பத்தியத்தில், தோலோடு தோல் படுவதில் பரவுகிறது. தாம்பத்தியம் என்ற ஒன்று உள்ள ஆண், பெண் யாராக இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது வந்து போகாதவர்கள் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கியது இருபது வருடம் கழித்துத் தலைகாட்டலாம். அது யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, எந்த லேபாலும் முடியாது. கல்யாணமான நாள் முதல் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கும் இது வரும். அதனால் அவரையும் சந்தேகப்பட இடமில்லை, அவர் வீட்டுக்காரரையும் சந்தேகப்பட இடமில்லை. தட்டு, டம்ளர், பாத்ரூம், துணி வழியாகவெல்லாம் பரவாது. அவர் சமைத்ததைச் சாப்பிடுங்கள், குழந்தையை அவர் மடியில் விடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அவருக்குச் செய்தது வைரஸ் பரிசோதனையே இல்லை. வினிகரில் வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். அதை வைத்து ஒருவரின் நடத்தையை அளந்தவர் யாரோ, அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது நீங்கள். தொந்தரவு இல்லாதபோது எதற்குப் போக வேண்டும் என்கிறீர்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. வைரஸ் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது. இத்தனை வருடமும் வலி இருக்காது, ரத்தம் இருக்காது, ஒரு சங்கடமும் தெரியாது. தக்காளிச் செடி பச்சென்று நிற்கும்போதே இலையைப் புரட்டி அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா, இலை சுருண்ட பிறகு பார்த்து என்ன லாபம்? ரத்தம் படுகிறது, இடுப்பு கடுக்கிறது, துர்நாற்றம் வீசுகிறது என்று வருகிறவர்களுக்கு நான் வினிகர் பரிசோதனை செய்வதில்லை, நேராக வைத்தியத்துக்கான பரிசோதனையில் இறங்கிவிடுகிறேன்.

ஸ்கேன் நார்மல் என்பது இதற்குப் பதில் ஆகாது. ஸ்கேனில் கட்டி, நீர்க்கட்டி, கர்ப்பப்பையின் அளவு தெரியும். கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் செல்கள் மாறுவது தெரியாது. தனியார் லேபில் எடுக்கிற மாஸ்டர் செக்கப் ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களில் நிறையப் பேர் கர்ப்பப்பையைப் பற்றி இனி நமக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் கட்டி வெட்டுகிறார்கள், கர்ப்பப்பையும் அதன் வாயும் அப்படியே இருக்கின்றன. சிசேரியன் ஆனவர்களுக்கும் இதே கதைதான். காப்பர் டி வைத்திருந்தாலும் பரிசோதனை செய்யலாம், அதை எடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் மட்டும் தயங்கவில்லை. 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுவதும் சேர்த்தால் 1.9. நாம் பரவாயில்லை என்று சந்தோஷப்படலாம், பத்தில் ஒன்பது பேர் பார்க்கவே இல்லை என்றும் படிக்கலாம். நாட்டில் ஆண்டுதோறும் 1,20,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வருகிறது. 75,000-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். இத்தனை வருடம் அவகாசம் கொடுக்கும் ஒரு நோயில் இவ்வளவு சாவு என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் திண்ணைக்கே வந்துவிடுகின்றன, நல்லது. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் நாம்தான் எழுந்து போக வேண்டும். படுக்கும் மேஜையும் விளக்கும் மறைப்பும் வேண்டும், திண்ணையில் செய்ய முடியாது.

என்றைக்குப் போவது? தலைக்குக் குளித்து முடித்து, ரத்தம் முழுக்க நின்ற பிறகு, காய் பறிப்பு இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை வேண்டாம், உள்ளே கழுவவும் வேண்டாம். புடவை வசதி. போனதும் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முடி எடுக்கவில்லையே என்று மேஜையில் படுத்துக்கொண்டு நெளிகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது யாருக்கும் தேவையில்லை, நாங்கள் கவனிப்பதும் இல்லை. முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக உள்ளே வைத்துத் திறப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கிருமி நீக்கியதைத்தான் பயன்படுத்துவார்கள், சந்தேகமாக இருந்தால் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அந்தச் சமயத்தில் மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்கினால்தான் வலிக்கும். வாயால் ஊதிக்கொண்டு இடுப்பைத் தளர்த்திவிட்டால் பிரசவம் பார்த்த உடம்புக்கு இது ஒன்றுமே இல்லை. வினிகர் பட்டதும் லேசாக எரியும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். ஐயோடின் தடவியிருந்தால் மறுநாள் வரை துணியில் பழுப்பாகப் படும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்றும் சொல்லலாம். நம் பக்கம் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள்.

நெகட்டிவ் என்று வந்தால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று அர்த்தம் இல்லை. அரசுத் திட்டப்படி 30 வயது முதல் 65 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. வினிகர் பரிசோதனை என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என்னைக் கேட்டால் மூன்று. கையில் காசு இருந்து ஹெச்பிவி பரிசோதனை செய்துகொள்ள முடிந்தால், அதில் நெகட்டிவ் வந்த பிறகு ஐந்து வருடத்துக்கு நிம்மதி. அது இருப்பதிலேயே நம்பகமானது, ஆனால் பாப் ஸ்மியரைவிட (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து லேபில் பார்ப்பது) விலை கூடுதல், எல்லா லேபிலும் இல்லை. ஆனால் அதற்குப் பணம் சேர்க்கிறேன் என்று இலவசமாகக் கிடைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹெச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்கள் இன்னும் சீக்கிரமாக, 25 வயதிலிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுக்கு நோய் வேகமாக முற்றும்.

உங்களுக்கும் பாசிட்டிவ் வந்தால்? ஓரகத்திக்குச் சொன்ன அதே வழிதான், ஆறு மாதம் கழித்து அல்ல, அதே வாரத்தில்.

வெள்ளைப்படுதல் பெரும்பாலும் இதில் சேராது. மாதத்தில் சில நாள் நிறமில்லாமல் படுவது எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அரிப்பு, தயிர் போலத் திரிதிரியாக, மஞ்சள் நிறம், நாற்றம் என்றால் தொற்று. பரிசோதனைக்குப் போகும்போதே நர்ஸிடம் சொன்னால் மருந்து கிடைக்கும். நான் பயப்படுவது ரத்தத்துக்கு. தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்றுபோய் வருடங்கள் கழித்துத் திரும்ப ரத்தம். இந்த மூன்றாவதை நம் பக்கத்தில் "சூடு" என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு, மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சொட்டு பட்டாலும் சரி, நேற்றுதான் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தது என்றாலும் சரி, டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் அம்மாவிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள். நின்ற பிறகு எப்போதாவது பட்டதா என்று. மகளிடம் தானாகச் சொல்ல மாட்டார்கள். படவில்லை என்றாலும் 61 வயதில் பரிசோதனை தேவைதான், அதுவும் இதுவரை ஒரு தடவைகூடச் செய்துகொள்ளாதவர் என்றால் கட்டாயம். ஆனால் அவருக்கு வினிகர் பரிசோதனை அவ்வளவாகப் பொருந்தாது. மாதவிலக்கு நின்ற பிறகு, நாம் பார்க்க வேண்டிய பகுதி உள்நோக்கி ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பாப் ஸ்மியர் அல்லது ஹெச்பிவி பரிசோதனை செய்யலாம். ஓரகத்தியோடு தர்மபுரிக்குப் போகும் அன்றே அவரையும் கூட்டிப்போய் ஓ.பி.யில் கேளுங்கள், ஒரே பஸ் செலவு. அவருக்கு ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். வாயோடு சேர்த்து எடுத்திருந்து, காரணம் கட்டி அல்லது உதிரப்போக்கு என்றால், பரிசோதனை வேண்டியதில்லை. வாயை விட்டுவிட்டு எடுத்திருந்தால் வேண்டும்.

மகளுக்கு ஊசி தாராளமாகப் போடலாம், இதுதான் சரியான வயது. வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன்னால் போட வேண்டிய ஊசி அது. கல்யாண வயதில் யோசிப்பதில் பிரயோஜனம் குறைவு. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு அரசே படிப்படியாகப் போடும் என்று தமிழ்நாட்டின் 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அவள் பள்ளியிலும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். வெளியில் போடுவதானால் நம் நாட்டிலேயே, புனேயில் தயாராகும் செர்வாவேக் கிடைக்கிறது, வெளிநாட்டுத் தடுப்பூசிகளைவிட விலை குறைவு. அந்த ஊசியின் அட்டவணைப்படி 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15 வயது ஆகிவிட்டால் மூன்று. இந்த வயதில் ஒரே தவணைகூட நல்ல பாதுகாப்பு தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இலேயே சொல்லிவிட்டது, அதனால் அரசு முகாமில் ஒரு தவணையோடு நிறுத்தினாலும் குறை என்று நினைக்காதீர்கள். பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதில் உண்மை இல்லை. போட்ட இடத்தில் வலி, ஒருநாள் காய்ச்சல், சில பிள்ளைகளுக்கு ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் மயக்கம். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, ஏதாவது சாப்பிடக் கொடுத்துக் கூட்டி வாருங்கள். ஊசி எல்லா வகை ஹெச்பிவியையும் தடுப்பதில்லை, அதனால் அவளும் 30 வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அதை பீரோவில் வைப்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.